கழுகைக் கையால் மறையுங்கள்: பழைய ஜெர்மன் சீருடைத் தொப்பியையும் மாற்றிய சின்னத்தையும் கண்டுபிடிக்கும் வழி

நான் முதன்முதலில் வாங்கிய தொப்பிக்கு ரோஜா நிறத்தில் பைப்பிங், அதாவது தையல் ஓரத்தில் வரும் மெல்லிய துணி விளிம்பு, ஓடியிருந்தது. இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் தரைப்படையில் ரோஜா நிறம் என்றால் டாங்கிப் படை, முன்பக்கம் வெள்ளிக் கயிறு இருந்தால் அதிகாரி. ஜெர்மனியில் ஒரு பழஞ்சந்தையில், மழை தூறிக்கொண்டிருந்த காலை நேரத்தில், விற்றவர் "எங்க தாத்தாவோடது" என்று சொன்னதை நம்பி, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்து, தையல் ஓரத்தை நகத்தால் மெல்ல விரித்துப் பார்த்தால் உள்ளே பைப்பிங் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெள்ளை என்றால் காலாட்படை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து தூரிகையால் சாயம் தடவியிருக்கிறார். கயிறும் பின்னால் வந்து சேர்ந்ததுதான். தொப்பி அசல், முன்னாலிருந்த கழுகுச் சின்னம் அசல், தாத்தாவும் உண்மையாகவே இருந்திருக்கலாம். கதை மட்டும் பொய்.

முழுப் போலியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை, பத்து அசல் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் தூக்கும்போதே தெரிந்துவிடும். அசல் தொப்பியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மலிவானதை அரிதானதாக ஆக்குவதுதான் ஆபத்து. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன காந்தம், புற ஊதா டார்ச், நுனி மழுங்கிய மூங்கில் குச்சி, வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல், சுத்தமான வெள்ளைத் துணி. ரசாயனம் எதுவும் வேண்டாம். கழுவவோ, தேய்க்கவோ, பளபளப்பாக்கவோ கூடாது. நாம் தேடும் சாட்சியமே அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

முதல் படி: சின்னத்தைப் பார்க்காமல் தொப்பியைப் படியுங்கள்

கழுகு இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கழுகும் மண்டையோடும் கண்ணில் பட்டவுடன் மனது ஒரு முடிவுக்கு வந்துவிடும், அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்த முடிவுக்கு ஆதாரமாகத்தான் தெரியும். ஒரு சின்னத்தைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும். துணி, வெட்டு, தையல், பட்டையின் நிறம் இதையெல்லாம் மாற்ற நாள் கணக்கில் வேலை செய்ய வேண்டும். அதனால் சுலபமாக மாறாத விஷயத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வைசர் வைத்த ஜெர்மன் தொப்பிக்கு ஷிர்ம்ம்யூட்ஸெ என்று பெயர். மேலே அகன்ற தலைப்பாகம், நடுவில் நெற்றியைச் சுற்றிய பட்டை, முன்னால் கூரைபோல நீட்டிய வைசர், அதற்கு மேலே தோல்வாரோ கயிறோ. தலைப்பாகத்தின் மேல் விளிம்பிலும், பட்டையின் மேல் கீழ் விளிம்புகளிலும் மூன்று வரிசையாகப் பைப்பிங் ஓடும்.

1934 முதல் 1945 வரையிலான தரைப்படைத் தொப்பியில் தலைப்பாகம் ஃபெல்ட்கிராவ் என்ற பச்சை கலந்த சாம்பல் நிறம், பட்டை கரும்பச்சை. விமானப்படை என்றால் நீலம் கலந்த சாம்பல் துணியில் கறுப்புப் பட்டை. கடற்படைக்குக் கருநீலம், கோடையில் வெள்ளை மேலுறை. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்புக்கு ஆரம்பத்தில் முழுக் கறுப்பு, பிறகு அதன் போர்ப் பிரிவான வாஃபன் எஸ்.எஸ்.ஸில் ஃபெல்ட்கிராவ் துணியும் கறுப்பு வெல்வெட் பட்டையும்.

தரைப்படையில் பைப்பிங் நிறம்தான் பிரிவைச் சொல்லும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, டாங்கிக்கு ரோஜா, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், தகவல் தொடர்புக்கு எலுமிச்சை மஞ்சள், பொறியியல் பிரிவுக்குக் கறுப்பு, மலைப்படைக்கு இளம்பச்சை, மருத்துவத்துக்குக் கார்ன்ஃபிளவர் பூவின் நீலம். வெள்ளை ஏராளமாகக் கிடைக்கும், ரோஜாவும் பொன்மஞ்சளும் விலை கூடுதல். எந்த நிறம் எந்த நிறமாக மாற்றப்படும் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

1918-க்கு முந்தைய பேரரசுக் காலத் தொப்பிக்கு வேறு கணக்கு. அங்கே கழுகே கிடையாது, கொக்கார்டெ என்ற வட்டச் சின்னம்தான். 1897-இல் கறுப்பு வெள்ளை சிவப்பு நிறத்தில் பேரரசின் வட்டம் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த தொப்பியில் மேலே பேரரசு வட்டம், கீழே பட்டையில் மாநில வட்டம் என்று இரண்டு இருக்கும். பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை நீலம் வெள்ளை, சாக்சனிக்கு வெள்ளை பச்சை வெள்ளை, வூர்ட்டம்பர்குக்குக் கறுப்பு சிவப்பு கறுப்பு. கீழ் வட்டத்தை மட்டும் மாற்றினால் ஒரு பிரஷ்யக்காரரை அரிதான சின்ன மாநிலத்துக்காரராக ஆக்கிவிடலாம், செலவும் குறைவு. சாதாரணச் சிப்பாய்க்கு அன்றைக்கு வைசர் இல்லாத வட்டத் தொப்பிதான், க்ரேட்ஸ்ஷென் என்று செல்லமாகச் சொல்வார்கள்.

சரி, கையை இன்னும் எடுக்க வேண்டாம். "இது 1930-களின் தரைப்படைத் தொப்பி, வெள்ளைப் பைப்பிங், தோல்வார்" என்று மனதில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கழுகு அந்த வரியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: தலைகீழாகத் திருப்புங்கள்

வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளேதான் உண்மை உட்கார்ந்திருக்கும். உள் விளிம்பைச் சுற்றி வியர்வைப் பட்டை, பெரும்பாலும் தோல். அதில் "ஸ்டிர்ன்ட்ருக்ஃப்ரை", அதாவது நெற்றியை அழுத்தாதது என்ற முத்திரையும், காப்புரிமை வாசகமும் சில தொப்பிகளில் இருக்கும். மேலே லைனிங், அதன் நடுவில் சாய்சதுரமாக ஒரு செல்லுலாய்டு தகடு, அதற்கு அடியில் தயாரிப்பாளர் பெயர். பெர்லினின் ராபர்ட் லூப்ஸ்டைன் நிறுவனம் தன் முதலெழுத்துகளை உச்சரித்து "எரெல்" என்று பெயர் வைத்துக்கொண்டது, சேகரிப்பாளர்கள் அதற்குத் தனியாகக் காசு கொடுப்பார்கள். "பெக்யூரோ" இன்னொன்று. காசு அதிகம் என்பதாலேயே இந்தப் பெயர்கள் போலிகளிலும் தாராளமாக அச்சாகின்றன. நல்ல பெயரைப் பார்த்தவுடன் நிம்மதியடைவதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள்.

பழைய செல்லுலாய்டு மஞ்சளாகி, சுருங்கி, ஓரம் சுருண்டு, வெடித்திருக்கும். விரலால் கொஞ்சம் தேய்த்துச் சூடாக்கினால் சில சமயம் கற்பூர வாசனை வரும். புதுப் பிளாஸ்டிக் கண்ணாடிபோலத் தெளிவாக, வளைந்துகொடுத்துக்கொண்டு இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

வியர்வைப் பட்டையைக் கீழே மடித்துப் பாருங்கள், அவசரமில்லாமல், ஏனென்றால் எண்பது வருடத் தோல் வறண்டு கிழியும். வெளியில் கறுத்திருக்கும் தோல், மடிப்புக்குள்ளே வெளுப்பாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். வெளியேயும் உள்ளேயும் ஒரே பழுப்பு என்றால் டீத்தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நெற்றிப் பக்கம் வியர்வை அதிகம், பின்பக்கம் குறைவு. எல்லாப் பக்கமும் சமமாக அழுக்கான தலை எந்த நாட்டிலும் கிடையாது.

அரசு கொடுத்த தொப்பிகளில் லைனிங்கில் மை முத்திரை இருக்கும்: தயாரிப்பாளர், ஊர், ஆண்டு, சென்டிமீட்டரில் தலையளவு, கிடங்கைக் குறிக்கும் எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும். பெர்லினுக்கு பி, எர்ஃபுர்ட்டுக்கு இ, ம்யூனிக்குக்கு எம் என்று வரும். போரின் பிற்பாதியில் தயாரிப்பாளர் பெயரை மறைத்து நீளமான தொழிற்சாலை எண்ணை மட்டும் அடித்தார்கள். 1936 என்று விற்கப்படும் தொப்பியில் அந்த எண்ணைப் பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

உள்ளே நுரைப்பஞ்சு இருந்தால் அது போருக்குப் பிந்தையது. பாலியஸ்டர் நூலும் அப்படித்தான், அந்த இழை 1941-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டு 1950-களில்தான் துணிச் சந்தைக்கு வந்தது.

மூன்றாம் படி: துளைகள்

இனிமேல் கையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னத்தைப் பார்க்க வேண்டாம், சின்னத்துக்குப் பின்னால் பாருங்கள்.

உலோகச் சின்னத்தின் முதுகில் மெல்லிய பின்கால்கள் இருக்கும், துணியைக் குத்தி உள்ளே போய் இரண்டு பக்கமும் மடங்கிக்கொள்ளும். பட்டையில் இருக்கும் ஓக் இலை வளையத்தின் கால்களை, வியர்வைப் பட்டையை மடித்தால் பார்க்கலாம். மேலே இருக்கும் கழுகின் கால்கள் பெரும்பாலும் லைனிங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். கால்கள் எத்தனை வருடமாக அங்கே மடங்கியிருக்கின்றனவோ அத்தனை வருடமும் பின்னாலுள்ள விறைப்புத் துணியில் அழுத்தித் தடம் பதித்திருக்கும். உலோகம் துருப்பிடித்த கறை, காலின் வடிவத்திலேயே, நிழல்போல இருக்கும். ஒரு காலை லேசாக நகர்த்தினால் அதன் அடியில் அந்தத் தடம் தெரிய வேண்டும். தடமே இல்லாமல் துணி சுத்தமாக இருந்தால், கால் நேற்று வந்தது. தடம் ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்றால் பழைய சின்னம் போய் வேறு சின்னம் வந்திருக்கிறது.

வெளிப்பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடியுங்கள். சின்னத்தைச் சுற்றி, வெயில் படாமல் நிறம் மங்காத ஒரு வெளிக்கோடு இருக்கும். இறக்கை நுனிக்கு வெளியே நிறம் மங்காத துணி எட்டிப் பார்க்கிறதா? முன்பு இருந்த சின்னம் இன்னும் அகலமானது. போலீஸ் தொப்பியின் சின்னம், இலை வளையத்துக்குள் கழுகு உட்கார்ந்த பெரிய உருவம். அதைக் கழற்றி ராணுவக் கழுகு வைத்தால் வளையத்தின் நிழல் சுற்றிலும் தெரியும், அதைத் தேய்த்து மறைக்க முயன்றால் துணியின் ரோமம் அந்த இடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும்.

கறையின் நிறத்தையும் கேளுங்கள், பதில் சொல்லும். 1930-களின் நல்ல சின்னங்கள் நாய்சில்பர் என்ற கலவையில் வந்தன. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். செம்பு இருப்பதால் காலப்போக்கில் பச்சைக் களிம்பு கட்டும், துணியிலும் பச்சை ஏறும். அலுமினியம் வெள்ளைத் தூசி விடும். போரின் கடைசிக் காலத்துத் துத்தநாகம் சாம்பல் நிறமாகி மங்கிவிடும், அதில் பச்சை வராது. ஆக, சாம்பல் துத்தநாகக் கழுகுக்கு அடியில் பச்சைக் கறை இருக்கிறது என்றால் அந்த இடத்தில் முன்பு இருந்தவர் வேறொருவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூடுதல் துளை இருந்தாலே மோசடி என்று குதிக்காதீர்கள், நானும் அந்த அவசரத்தில் ஒரு நல்ல தொப்பியை விட்டிருக்கிறேன். 1933, 1934 ஆண்டுகளில் ஜெர்மன் ராணுவத்தில் சின்னங்கள் மாறின, 1934 பிப்ரவரியில்தான் ஸ்வஸ்திகா கழுகை அணிய ஆணை வந்தது. அதற்கு முன் காசு கொடுத்துத் தைத்த தொப்பியை எந்த அதிகாரியும் தூக்கிப் போடவில்லை, சின்னத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். ஜெனரல்களின் சின்னமும் 1943 வாக்கில் வெள்ளியிலிருந்து பொன்னிறத்துக்கு மாறியது. அன்றைய மாற்றத்துக்கும் இன்றைய மாற்றத்துக்கும் வித்தியாசம் தடத்தில்தான்: பழைய துளையும் அழுக்கேறி, புதுத் துளையும் அழுக்கேறி, இரண்டும் சேர்ந்து முதுமையடைந்திருக்கும். தவிர 1945-க்குப் பிறகு, நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜெர்மனியில் முன்னாள் சிப்பாய்கள் சின்னங்களைக் கழற்ற வேண்டியிருந்தது, மாற்றுத்துணி இல்லாத பலர் அதே சீருடையைச் சாயம் போட்டுக் கட்டினார்கள். அப்படிச் சின்னம் இழந்த நல்ல தொப்பிகளுக்குப் பின்னாளில் யாரோ சின்னம் வாங்கி மாட்டியிருப்பார்கள். விற்பவர் அதைச் சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, விலை மட்டும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு ஜோடித் துளை இருப்பதும் உத்தரவாதம் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் தரைப்படைத் தொப்பியில் சின்னம் பட்டையில்தான், மேலே கழுகு கிடையாது. அதை எடுத்து 1940-ஆம் ஆண்டுத் தொப்பியாக மாற்றுபவர் மேலே புதிதாகத் துளை போட்டால் ஒரே ஜோடிதான் இருக்கும். அதனால்தான் துளைக்கு முன்னால் துணியைப் படிக்கச் சொன்னேன்.

நான்காம் படி: சின்னம்

இப்போது கழுகையே பார்க்கலாம், இங்கே நான் நீட்டப் போவதில்லை. அச்சில் அடித்த அசல் சின்னத்தில் இறகுக் கோடுகள் கூர்மையாக இருக்கும். அசலை மாதிரியாக வைத்து வார்த்தெடுத்த நகலில் கோடுகள் மழுங்கி, ஆங்காங்கே குண்டூசித் தலை அளவு குழிகள் தெரியும். பின்கால் பற்றவைத்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தால் கால் ஒடிந்து மறுபடி ஒட்டப்பட்டது. காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது.

தனியாகக் கவனிக்க வேண்டியது ஸ்வஸ்திகாவை அராவி எடுத்த கழுகு. போருக்குப் பிறகு சட்டத்துக்குப் பயந்து அராவினார்கள், இப்போது விலைக்கு ஆசைப்பட்டு வேறொன்றை வைத்துப் பற்றவைக்கிறார்கள். இன்றைய ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி அதைப் பொதுவில் காட்டுவது மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம், கல்விக்கும் வரலாற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் சந்தையில் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சட்டப்படி சரிதான், ஆனால் நமக்குப் பார்க்க வேண்டிய பற்றவைப்பும் அதே ஸ்டிக்கருக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் சின்னத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், பற்றவைத்திருந்தால் பின்னால் தெரியும்.

விமானப்படைக் கழுகில் முதல் வடிவத்துக்கு வால் தொங்கியிருக்கும், 1937 வாக்கில் வால் நிமிர்ந்த வடிவம் வந்தது. எஸ்.எஸ். மண்டையோடு 1934 வரை கீழ்த்தாடை இல்லாத பழைய பிரஷ்ய வடிவம், அதன் பிறகு தாடை வைத்தது. 1941 முத்திரை போட்ட தொப்பியில் பழைய வடிவம் இருந்தால் உரிமையாளர் தன் பழைய சின்னத்தை விரும்பி மாட்டியிருக்கலாம், விற்பவரும் மாட்டியிருக்கலாம். துளைத் தடம்தான் மறுபடியும் பஞ்சாயத்து செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: பைப்பிங்கும் கயிறும்

என் பணம் போன இடம் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு.

பைப்பிங்கை முழுசாக மாற்ற வேண்டுமென்றால் தொப்பியையே பிரித்துத் தைக்க வேண்டும், ஏனென்றால் அது இரண்டு துணிகளுக்கு நடுவே தையலுக்குள் போகிறது. அவ்வளவு வேலை யாரும் செய்வதில்லை, சாயம்தான் போடுவார்கள். மூங்கில் குச்சியின் மழுங்கிய நுனியால் தையல் ஓரத்தை விரித்து, பைப்பிங்கின் அடிப்பாகத்தை லென்ஸில் பாருங்கள். அசலில் வெளியே வெளுத்து, உள்ளே நிறம் அடர்த்தியாக இருக்கும். சாயம் போட்டதில் வெளியே அடர்த்தி, உள்ளே வெள்ளை. பக்கத்துக் கரும்பச்சைத் துணியின் ரோம நுனிகளில் சாயம் தொட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், எவ்வளவு கை தேர்ந்தவர் தடவினாலும் எங்கேயாவது ஒரு துளி தப்பிவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: அசல் ரோஜா நிறம் வெயிலில் வெளுத்து வெள்ளையாகத் தெரியும், விற்பவருக்கே தெரியாமல் காலாட்படை விலைக்குக் கொடுத்துவிடுவார். எனக்கு இன்னும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை.

தரைப்படையில் அதிகாரிக்கும் மற்றவர்களுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. சிப்பாய்க்கும் கீழ்நிலை அலுவலருக்கும் கறுப்புத் தோல்வார், இரண்டு கறுப்புப் பொத்தான். அதிகாரிக்கு அலுமினிய இழைக் கயிறு, இரண்டு வெள்ளி நிறப் பொத்தான். ஜெனரலுக்குப் பொன்னிறக் கயிறும் பொன்னிறப் பைப்பிங்கும். சொந்தக் காசில் தைத்துக்கொண்ட கீழ்நிலை அலுவலரின் தொப்பி, துணியிலும் தையலிலும் அதிகாரியின் தொப்பிக்குச் சற்றும் குறையாது, ஆகவே வாரை எடுத்துக் கயிறு போட்டால் ஒரே நிமிடத்தில் பதவி உயர்வு. கயிற்றைச் சற்றே தூக்கிப் பாருங்கள். தோல்வார் தட்டையானது, வைசரில் அகலமான ஒரு தேய்மானக் கோட்டை விட்டிருக்கும். கயிறு இரண்டு இழையாக உருண்டு உட்காரும், அது விடும் தடம் வேறு. அலுமினியக் கயிறு வெளிப்பக்கம் கறுத்து, வைசரைத் தொடும் அடிப்பக்கம் வெளிச்சமாக இருந்தால் நீண்ட காலம் அங்கேயே இருந்திருக்கிறது. பொத்தான் துளையைச் சுற்றிப் பொத்தானைவிடப் பெரிய வட்டம் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடிக்கடி நடக்கும் வேஷங்கள்

பெரிய வேஷம் எஸ்.எஸ். இந்தத் தொப்பியை அணிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது 1946-இல் நியூரம்பர்க் போர்க்குற்ற வழக்கின் தீர்ப்பிலேயே பதிவாகிவிட்டது, அந்த அமைப்பே குற்ற அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் சந்தையில் அந்த மண்டையோட்டுக்குத்தான் உச்ச விலை, அதனால் சந்தைக்கு வருவதில் தேறுவது சொற்பம். வழக்கமான செய்முறை: தரைப்படை அதிகாரித் தொப்பி, வெள்ளைப் பைப்பிங், பச்சைப் பட்டையை எடுத்துக் கறுப்பு வெல்வெட். பட்டையை மாற்றும்போது பைப்பிங்குக்குப் பக்கத்தில் மறுபடி தைக்க வேண்டும், அங்கே வெற்று ஊசித்துளைகள் வரிசையாகக் கிடக்கும். வெல்வெட்டின் ஓரத்தை விரித்தால் சில சமயம் பச்சை இழை ஒன்று சாட்சி சொல்ல வெளியே வரும். அனுபவம் வரும்வரை இந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து, அனுபவம் வந்தவர்களும் பெரும்பாலும் போவதில்லை.

அடுத்தது "நசுங்கிய தொப்பி". 1934-இல் அதிகாரிகளுக்கு ஒரு மென்மையான களத் தொப்பி வந்தது: வளையும் வைசர், கயிறும் பொத்தானும் கிடையாது, உலோகத்துக்குப் பதிலாக நெய்த சின்னம். 1938-இல் அதற்குப் பதில் வேறு தொப்பி வந்தாலும் பழைய ஆட்கள் விடாமல் போட்டுக்கொண்டார்கள். அரிது என்பதால், சாதாரணத் தொப்பியின் உள்வளையக் கம்பியை உருவி, கயிற்றைக் கழற்றி, கசக்கி விற்கிறார்கள். வைசரின் இரண்டு முனையிலும் பொத்தான் துளை அடைத்த தடம் இருந்தால் கதை முடிந்தது. வைசர் விறைப்பாக இருந்தாலும் முடிந்தது. கம்பியை மட்டும் உருவுவதோ அன்றைய அதிகாரிகளே ஸ்டைலுக்காகச் செய்த வேலை, அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம்.

1943 ஜூனில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு களத் தொப்பி வந்தது, சின்ன வைசர், பக்கவாட்டில் இறக்கிவிடும் மடிப்பு, முன்னால் பொத்தான். கழுகும் வட்டமும் ஒரே துண்டில் நெய்த சின்னம் பெரும்பாலும் அதில் வரும். ஊப்பர்டால் நகரின் பெவோ நிறுவனம் நெய்தவை பிரபலம், அதனால் நெய்த சின்னத்துக்கே பெவோ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. போருக்குப் பிந்தைய ஆஸ்திரிய, மேற்கு ஜெர்மன் மலைத் தொப்பிகள் இதே ஜாடை. மேற்கு ஜெர்மன் ராணுவ லேபிளில் நீளமான பொருள் எண் இருக்கும், அதைப் பிரித்தெடுத்தாலும் லைனிங்கில் செவ்வகமாக ஊசித்துளை மிஞ்சும். இடப்பக்கம் ஒரு எடல்வைஸ் பூவைக் குத்தி மலைப்படை என்பதும் சகஜம். அந்தப் பூ 1939-இல்தான் மலைப்படைக்கு வந்தது, பூவின் நிழல் துணியில் இல்லை என்றால் அது புதுப் பூ.

வைசர் இல்லாமல் தட்டையாக மடியும் பழைய மடிப்புத் தொப்பிகளில் வட்டச் சின்னத்துக்கு மேலே பிரிவு நிறத்தில் கூரை வடிவப் பட்டி இருந்தது, 1942-இல் நிறுத்தினார்கள். பட்டி கழற்றிய நிழல் இருப்பது நல்ல அறிகுறி. 1943 முத்திரையோடு புத்தம்புது ரோஜாப் பட்டி இருப்பது கெட்ட அறிகுறி.

கடற்படைக்கு வந்தால் நம் ஆட்களுக்கு ஒரு தனி ஈர்ப்பு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை நாம் இன்னும் மறக்கவில்லை, தந்திரக்காரனைப் பார்த்தால் "சரியான எம்டன்" என்கிறோம். அந்தக் கப்பல் பெயர் போட்ட மாலுமித் தொப்பி நாடா என்றால் எந்த விலைக்கும் கை நீளும். நிதானம். நாடாவைச் சுற்றிக் கட்டுவதுதான், துளையே கிடையாது, மாற்றுவதற்கு அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. பேரரசுக் கால நாடாவில் "எஸ்.எம்.எஸ்." என்று வரும், மாமன்னரின் கப்பல் என்று பொருள். 1918 நவம்பரில் மன்னரே போய்விட்டார். ஆகவே ஸ்வஸ்திகா கழுகு வைத்த தொப்பியில் "எஸ்.எம்.எஸ். எம்டன்" நாடாவைப் பார்த்தால், விற்பவர்தான் சரியான எம்டன். அந்தப் பெயரில் பின்னாலும் போர்க்கப்பல்கள் வந்தன, 1925-இல் கடலில் இறக்கிய எம்டன் இரண்டாம் போரிலும் ஓடியது, அதன் நாடாவில் எஸ்.எம்.எஸ். இருக்காது. போர்க்காலத்தில் கப்பல் பெயரை மறைத்து வெறும் "கிரீக்ஸ்மரீன", அதாவது போர்க் கடற்படை என்ற நாடா கட்டினார்கள். நாடாவை அவிழ்க்க விட்டால் அடியிலுள்ள கம்பளித் துணியைப் பாருங்கள், நாடா இருந்த அகலத்துக்கு நிறம் மங்காமல் இருக்க வேண்டும். முடிச்சுக்குள் மடங்கிய பகுதியும் வெளிப்பகுதியைவிடக் கறுப்பாக இருக்க வேண்டும்.

புற ஊதா டார்ச்: பாதி நம்புங்கள்

போருக்குப் பிறகு துணியிலும் நூலிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இருட்டறையில் டார்ச் அடித்தால் அப்படிப்பட்ட நூல் நீல வெள்ளையாக மின்னும். சின்னத்தைத் தைத்த நூல் மட்டும் மின்னி மற்ற தையல் எல்லாம் சும்மா இருந்தால் மறுதையல்தான். ஆனால் தொப்பியை யாராவது சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்திருந்தால் அசல் துணியும் மின்னும். மின்னாத பழைய பருத்தி நூலைத் தேடிப்பிடித்துத் தைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எரித்துப் பார்ப்பதென்றால் தானாக உதிர்ந்த ஒரே ஒரு இழையை மட்டும், தொப்பியிலிருந்து தள்ளி வைத்து. கம்பளி முடி கருகும் நாற்றம் விட்டுப் பொடியாகும், பருத்தி காகிதம்போல எரியும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

படத்தைப் பார்த்து வாங்கும்போது

நேரில் பார்க்க முடியாதபோது நான் கேட்கும் படங்கள் இவை: நேர்முன், இரண்டு பக்கம், உச்சி, உள்பக்கம் முழுசாக, செல்லுலாய்டுக்கு அடியில் உள்ள எழுத்து, வியர்வைப் பட்டையை மடித்துப் பின்கால்கள் தெரியும்படி ஒன்று, கயிற்றை உயர்த்தி வைசர் தெரியும்படி ஒன்று, பகல் வெளிச்சத்தில் பைப்பிங் நெருக்கமாக ஒன்று. அசல் வைத்திருப்பவர் முணுமுணுத்துக்கொண்டாவது எடுத்து அனுப்புவார். வியர்வைப் பட்டைப் படம் கேட்டவுடன் "தோல் கிழிஞ்சிடும்" என்று மறுப்பவர் உண்மையும் சொல்லலாம், அப்படியானால் விலையைச் சின்னமில்லாத தொப்பியின் விலைக்குக் குறைத்துப் பேசுங்கள், அவருடைய எதிர்வினையே பாதி பதில்.

தாத்தா கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சிப்பாய் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளுக்கு அந்தக் காலத்து அனுமதிச் சீட்டு சில சமயம் கூட வரும், அது நல்ல விஷயம்தான், ஆனால் சீட்டில் "ஒரு தொப்பி" என்றுதான் எழுதியிருக்கும், இந்தத் தொப்பி என்று எழுதியிருக்காது.

என் ரோஜாத் தொப்பி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கயிற்றைக் கழற்றி, ஒரு கறுப்புத் தோல்வாரும் இரண்டு கறுப்புப் பொத்தானும் தேடி வாங்கிப் போட்டேன். மாட்டும்போது கவனித்தேன், வைசரில் இருந்த பழைய தேய்மானக் கோட்டில் வார் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. சாயத்தை எடுக்க முடியவில்லை. வார் நான் மாட்டியது, சாயம் யாரோ போட்டது என்று ஒரு சீட்டு எழுதி வியர்வைப் பட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன், நாளைக்கு இது கை மாறினால் அடுத்தவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.